‘தண்ணீர்’ நாவலில் டீச்சரம்மா செய்தது சரியா? அப்படியே, நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?

வில்லிவாக்கத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் கழித்து ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சின்னப் புத்தகம்தான், மின்சார ரயிலில் போகவர நான்கு நாளில் முடிந்துவிட்டது. எங்கள் கிளை நூலகத்தில் கதைகள் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி முத்திரை 2019 ஜூன். அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. அந்த ஜூன் மாதம் இந்த ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டுபோய், ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வருகிறது என்றால் ஒன்றரைக்கே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நாங்கள் உட்கார்ந்திருந்த மாதம். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் இல்லாத சென்னையைப் பற்றிய நாவலைத் தேடி எடுத்துப் போய்ப் படித்திருக்கிறார். அவர் பென்சிலால் சில இடங்களில் கோடும் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கோடுதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

படிக்காதவர்களுக்காக: 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை, ஒரு வாடகை இடத்தில் இருக்கிறார்கள். தெரு முழுக்கத் தண்ணீருக்கு அல்லாடுகிறது. சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே பாஸ்கர் ராவ் ஜமுனாவின் வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்கிவிட்டான். அதைத் தாங்காமல் சாயா கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். ஜமுனா செத்துப்போய்விடலாம் என்கிற இடத்துக்கு வந்து நிற்கும்போது அக்கம்பக்கத்து டீச்சரம்மா அவளிடம் தன் கதையைச் சொல்கிறாள். பதினைந்து வயதில் நாற்பத்தைந்து வயதுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தது, ராத்திரியெல்லாம் இருமும் அந்த மனுஷன், மாமியார், வேலைக்கும் போய் வீட்டில் தண்ணீரும் அடிப்பது. பென்சில்காரர் கோடு போட்டிருப்பது அங்கேதான், ஒரு பத்தி விடாமல்.

எனக்கு அந்த இடம் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. மனசு உடைந்து கிடப்பவளிடம் போய் ‘என் கஷ்டத்தைப் பார், உன்னுடையது எம்மாத்திரம்’ என்று சொல்வது ஆறுதலா? இரண்டு வருடம் முன்னால் அப்பா தவறியபோது எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் சாவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எந்த ஊர்க்காரர், என்ன சாப்பிடுவார், கடைசியில் என்ன சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது விட்ட வாசிப்புதான்.

ஆனால் நாவலில் ஜமுனா அதற்கப்புறம் எழுந்து நிற்கிறாள். அது எப்படி என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள். படிக்காதவர்கள் நீங்கள் அண்மையில் படித்ததைப் பற்றிச் சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம், ஒரு புத்தகம் போதும், அது உங்களை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

பழைய டிப்போ:

அம்மா, நான் குடிநீர் வாரிய டிப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இலக்கியம் பேச எனக்குத் தகுதி உண்டா தெரியவில்லை, ஆனால் இந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்திருக்கிறேன். அதில் வரும் அடிபம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் சின்னப் பையனாகத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தேன். அப்போது குடிநீர் எல்லாம் மாநகராட்சி கையில்தான், வாரியம் வந்தது 1978இல். குழாயில் அழுத்தம் இருக்காது, தண்ணீர் தரைக்கு மேல் ஏறி வராது. அதனால் வீட்டுக்கு வீடு தெருக் குழாயோடு ஒரு அடிபம்பைச் சேர்த்துவிடுவார்கள். காலையில் முதலில் அடிக்கிறவர் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோயிருக்கும், அது நனைந்து ஊறிப் பிடித்தால்தான் காற்றை இழுத்து அடியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும். ஊற்றுவதற்கு ஒரு சொம்பு இல்லையென்றால் எவ்வளவு பலசாலி வந்து அடித்தாலும் ‘கடக் கடக்’ என்று சத்தம்தான். எங்கள் பாட்டி ராத்திரி படுக்கும் முன் அந்த ஒரு சொம்பைத் தனியாக மூடி வைப்பாள். பேரன் தாகம் என்று அழுதாலும் அதைத் தொட விடமாட்டாள்.

நாவலில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வரும் பகுதி இருக்கிறது இல்லையா, பலர் அது ஏதோ குறியீடு என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அது அப்படியே நடப்பதுதான். 24 மணி நேரமும் தண்ணீர் ஓடினால் குழாய்க்குள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கும், வெளி அழுக்கு உள்ளே வராது. நாளுக்கு ஒரு மணி நேரம் விட்டு மூடினால் மீதி நேரம் குழாய் காலி. பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் போகிறது. இணைப்பில் விரிசல் இருந்தால் கசிவது உள்ளே போகும். அதோடு தெருவில் இருபது வீட்டில் பம்பு அடிக்கும்போது காலிக் குழாயை உறிஞ்சுகிறார்கள், அந்த உறிஞ்சலே சாக்கடையையும் இழுத்துக்கொண்டு வரும். யாரும் தப்பு செய்யவில்லை, எல்லோரும் குடிக்கத் தண்ணீர் அடிக்கிறார்கள், அவ்வளவுதான். புகார் வந்து போய்ப் பார்த்தால் பள்ளம் தோண்டி விரிசலைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் தெருப் பெண்கள் வந்து நம்மைத் திட்டுவார்கள். அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் இதையெல்லாம் விளக்காமல், பெரிய வார்த்தை ஒன்றுகூடப் போடாமல் எழுதியிருக்கிறார். தண்ணீர் வேலை தெரிந்தவன் படித்தாலும் ஒரு பிழை கண்ணில் படவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அதனால்தான். டீச்சரம்மா பற்றி எனக்குக் கருத்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பா தவறியதற்கு வருந்துகிறேன் அம்மா. அவர் எந்த ஊர்க்காரர்?

மஞ்சள் பை:

அக்கா, எனக்கு டீச்சரம்மா செய்தது சரி என்றுதான் படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நான் நர்ஸ். போன மாதம் இமையத்தின் ‘செல்லாத பணம்’ படித்தேன், 2020க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். எஞ்சினியரிங் படித்த பெண், ஆட்டோ ஓட்டுகிறவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிறகு தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். கதையின் பெரும் பகுதி அந்தத் தீக்காய வார்டுக்கு வெளியேதான். அப்பாவிடம் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் செலவு பண்ணத் தயார், ஆனால் வாங்க ஒன்றுமில்லை. பேச்சாகவே நகர்கிற நாவல். அழுகை, திட்டு, மறுபடி அழுகை. சில இடங்களில் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள் என்று தோன்றும், ஆனால் வார்டு வாசலில் சனங்கள் அப்படித்தான் பேசுவார்கள், ஒரே கேள்வியை எங்களிடம் நாளுக்குப் பத்துத் தடவை கேட்பார்கள்.

நானும் ஆறு மாதம் தீக்காய வார்டில் டியூட்டி பார்த்திருக்கிறேன். உள்ளே டிரெஸ்ஸிங் மாற்றும்போது கேட்கும் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். வெளியே வராந்தாவில் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு அம்மாக்கள் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ‘என் பொண்ணுக்கு அறுபது பர்சன்ட்’ என்பார். இன்னொருவர் ‘என் மருமகளுக்கு எழுபது’ என்பார். கேட்கிறவர்களுக்குப் போட்டி மாதிரி இருக்கும். போட்டியே இல்லை அக்கா. அதைச் சொன்ன உடனே முதல் அம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை எடுத்து அந்த அம்மா கையில் வைப்பார், அதுவரை இரண்டு பேருமே சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? ‘உன் துக்கம் எனக்குப் புரிகிறது’ என்று யாராவது பேசுவார்களா? தன் கதையைச் சொல்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாஷை.

டிப்போ ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. டீச்சரம்மா அந்த ஒரு சொம்பைத்தான் ஊற்றுகிறாள். தனக்கே இல்லாத வீட்டில் மூடி வைத்திருந்த சொம்பு. அவள் அதுவரை யாரிடமும் அந்தக் கதையைச் சொன்ன மாதிரித் தெரியவில்லை, சொல்லிக்கொண்டு திரிகிறவளும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வேறு, அவர்கள் வந்தோம் போனோம் என்று சொல்லியிருப்பார்கள். அப்பாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதது தப்புதான், அதில் நான் உங்கள் பக்கம்.

ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பிங்:

நான் ‘தண்ணீர்’ படித்ததில்லை, சனிக்கிழமை தேடிப் பார்க்கிறேன். நான் படித்து முடித்தது ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’, 2013இல் வந்தது. அதுவும் ஒருவகையில் தண்ணீர்தான், உறைந்த தண்ணீர்.

தினமும் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறேன். விவேகானந்தர் இல்லம் என்று இப்போது இருக்கும் அந்த வளைந்த கட்டடம் 1842இல் ஐஸ் வைக்கக் கட்டியது என்று பள்ளியில் படித்திருப்போம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரியில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். டியூடர் என்கிற வியாபாரி. நாவலில் அங்கே பாறை பாறையாக ஐஸ் சுமக்கும் தாழ்த்தப்பட்ட கூலிகளைப் பற்றி வருகிறது. அவர்கள் வேலையை நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் 1876 முதல் 78 வரை தாதுவருஷப் பஞ்சம், சனங்கள் செங்கல்பட்டு சாலையெல்லாம் செத்து விழுகிறார்கள். இந்தப் பக்கம் துரைமார் கிளாஸில் ஐஸ் மிதக்கிறது. இது எல்லாவற்றையும் ஏய்டன் என்கிற ஐரிஷ் போலீஸ் அதிகாரியின் கண் வழியாகப் பார்க்கிறோம்.

பஞ்சப் பகுதியைப் படித்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிந்த பிறகு ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவில் இருக்கும் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், அந்தப் பஞ்சத்தின்போதுதான் வெட்டப்பட்டது. பஞ்ச நிவாரண வேலை. கூலிக்கு வெட்டியவர்கள் பசியில் இருந்தவர்கள். மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குக் கீழே கறுப்பாக நிற்கிறதே, அந்தக் கால்வாய். முப்பது வருடமாக மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டியிருக்கிறேன். இப்போது முடியவில்லை, திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

குறை என்றால், கதாபாத்திரங்கள் நின்று நிதானமாக நீளமாகப் பேசுகிறார்கள். குறிப்பாகக் காத்தவராயன் பேசும் இடங்கள், விஷயம் எல்லாம் முக்கியம்தான், ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும்போது கதை நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஏய்டனின் குற்றவுணர்ச்சிக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியை ஐஸ் தூக்கியவர்களின் வீட்டுக்குள் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர்கள் ராத்திரி வீட்டுக்கு வந்தால் மரத்துப்போன கை எப்போது சூடாகும், பெண்டாட்டி அந்தக் கையைப் பிடித்து என்ன சொல்வாள், அது எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது.

கூவக்கரை:

நான் அவ்வளவு படிக்கிறவன் இல்லை. தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ படித்தேன், நண்பன் கொடுத்தான். சிந்தாதிரிப்பேட்டைக் கதை. நான் பிறந்தது அங்கேதான். 1734 வாக்கில் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் என்றும், சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்றும் சொல்வார்கள். அந்தத் தறியையெல்லாம் நாங்கள் பார்த்ததில்லை, எங்களுக்குத் தெரிந்தது கூவமும் மீன் மார்க்கெட்டும்தான்.

எனக்கு என்ன ஆச்சரியம் என்றால் எங்கள் பாஷை புத்தகத்தில் இருக்கிறது. சினிமாவில் எங்கள் பாஷை வந்தால் தியேட்டரில் சிரிப்பார்கள், காமெடியனோ ரவுடியோ பேசுவான். இதில் அந்தப் பாஷையில் சாமி கும்பிடுகிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள், செத்தவர்களுக்கு ஒப்பாரி வைக்கிறார்கள். ‘இன்னாமே’ என்ற ஒரு வார்த்தையை எங்க ஆயா எத்தனை விதமாகச் சொல்லும் என்று எனக்குத் தெரியும், கோபத்துக்கு ஒரு இழுப்பு, பாசத்துக்கு ஒரு இழுப்பு. புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்தக் குரலே கேட்டது. ஆயா போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. கரையோரம் இருந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இப்போது பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். இங்கிருந்து ஒரு துக்கத்துக்குப் போய்வர ஒரு நாள் ஆகிறது. போகும்போது பஸ்ஸில் அத்தைக்குச் சில பக்கம் வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ‘இத யார்டா எழுதினது, நம்ம தெருப் பையனா?’ என்று கேட்டது.

வில்லிவாக்கம் அக்கா, டீச்சரம்மா பற்றிப் படித்தவர்கள் பேசுங்கள். எங்கள் பக்கத்தில் துக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் செத்தவர் பெயரைச் சொல்லித்தான் அழ ஆரம்பிப்பார்கள். அவரைப் பற்றி ஒரு கதை, அப்புறம்தான் தன் வீட்டுக் கதை. உங்கள் வீட்டில் அந்த முதல் பாதி நடக்கவில்லை, அதுதான் வலிக்கிறது.

பழைய டிப்போ:

ஐஸ் ஹவுஸ் தம்பி, அந்தக் கால்வாய்த் துண்டைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதன் கரை நெடுக எத்தனையோ நாள் வேலையாக நடந்திருக்கிறேன், யார் வெட்டியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது, 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஓய்வுபெற்றிருந்தாலும் பார்க்கப் போனேன். ஒரு பெரியவர் வேகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தைக் கடைசியாக எடுத்தவரும் அந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார்.

வில்லிவாக்கத்துக்காரி:

எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். கூவக்கரை தம்பி சொன்ன ‘முதல் பாதி’யைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றேன்.

நேற்று ராத்திரி டீச்சரம்மா வரும் இடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன், இந்த முறை அம்மாவுக்கு உரக்க. மஞ்சள் பை சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அவள் போட்டிக்குச் சொல்லவில்லை, அது இப்போது தெரிகிறது. அவளும் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் கதையைத் தானே கேட்கிறாள் போலிருக்கிறது. ஆனாலும் ஜமுனாவை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜமுனா எழுந்தது கதையைக் கேட்டதால் மட்டும் இல்லை என்றும் நினைக்கிறேன். டீச்சரம்மா பேசினால் மட்டும் போதும் என்று விடவில்லை, தண்ணீர் எடுக்கவும் கூட வருகிறவள், பக்கத்தில் நடக்கிறவள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒரே ஒருவர், கீழ் வீட்டு அக்கா, எதுவும் பேசாமல் பதினாறு நாளும் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை இப்போது எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன், அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

படித்து முடித்ததும் அம்மா கேட்டது வேறு. ‘அந்த டீச்சருக்கு அப்புறம் என்ன ஆச்சு?’ என்றாள். அவளைப் பற்றி அதற்கு மேல் நாவலில் பெரிதாக இல்லை என்றேன். ‘அதெப்படி, எல்லாத்தையும் சொன்னவளை அப்படியே விட்டுட்டாங்களா’ என்று அம்மாவுக்கு ஆற்றாமை. அப்புறம் அவளே அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள், பதினொன்றரை மணி வரை.

டிப்போ ஐயா, நீங்கள் கேட்டீர்கள் இல்லையா. அப்பாவுக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். சாப்பாட்டில் வேர்க்கடலைத் துவையல் இருந்தால் வேறு எதையும் தொட மாட்டார். வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்குத் தண்ணீர் ரயில் வந்த அன்று அவரும் பார்க்கப் போயிருந்தார், வீட்டுக்கு வந்து அந்த வேகன் எண்ணிக்கையைத்தான் சொன்னார், ஐம்பது என்று. உங்கள் பக்கத்தில் நின்றிருக்கவும் கூடும்.

நாளை வெள்ளிக்கிழமை, நூலகம் விடுமுறை. சனிக்கிழமை போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘பேட்டை’ இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன். பென்சில் கோடுகளை அழிக்கவில்லை.